சுவிஸ் மெஷின், ஆசிய மெஷின்: ஒரு கடிகாரத் தேர்வின் வரலாறு

மின்கலம் இல்லாமல் சுருள்வில்லின் இறுக்கத்தை மட்டும் நம்பி ஓடும் கைக்கடிகாரத்தின் உட்பகுதியை, அதாவது வில்லும் பற்சக்கரங்களும் அவற்றைத் தாங்கும் தகடுகளும் ஒன்றாகப் பூட்டப்பட்ட தொகுதியை, தமிழ்நாட்டுக் கடிகாரக் கடைகளில் ‘மெஷின்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பது வழக்கம். புகழ்பெற்ற அயல்நாட்டுப் பெயர்களைப் போலியாகத் தாங்கிய கடிகாரங்கள் ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்ற பெயரில் விலைபோகத் தொடங்கிய பிறகு, உள்ளே இருப்பது சுவிஸ் மெஷினா ஆசிய மெஷினா என்ற கேள்வி வாங்குவோரிடையே ஒரு தர அளவுகோலாகவே நிலைபெற்றுவிட்டது. சுவிஸ் என்றால் மூலம், ஆசியா என்றால் நகல் என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. இந்தியக் கடிகாரத் தொழிலின் வரலாற்றையும், வடசென்னையின் விளிம்பிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை நீண்டு கிடக்கும் திருவள்ளூர்த் தொழில் வட்டாரத்தின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அந்த எண்ணம் நிலைப்பதில்லை. மூலத்தையும் நகலையும் பிரித்தவை உரிமப் பத்திரமும் முகப்பில் எழுதிய பெயருமே தவிர, மெஷின் பிறந்த நாடு அன்று.

1997-ஆம் ஆண்டில் பழைய செங்கல்பட்டு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது உருவான திருவள்ளூர் மாவட்டம், சென்னையின் வடக்கிலும் மேற்கிலும் சுதந்திரத்துக்குப் பின் எழுந்த தொழிற்சாலைப் பகுதிகளைத் தனக்குள் கொண்டிருந்தது. அவற்றுள் அம்பத்தூரும் திருவொற்றியூரும் பின்னர் சென்னை மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டன. இந்தப் பகுதிகளில் எழுந்த பெரிய ஆலைகளில் பல, அயல்நாட்டு வடிவமைப்பு ஒன்றை உரிமம் பெற்று இங்கே உருவாக்கியவை. அம்பத்தூரின் டி.ஐ. சைக்கிள்ஸ் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கியது. ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையில் 1960-களில் உருவான விஜயந்தா பீரங்கி வண்டி பிரிட்டனின் விக்கர்ஸ் வடிவமைப்பு. திருவொற்றியூரில் தயாரான புல்லட் மோட்டார் சைக்கிள், 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டோடு சென்னை நிறுவனம் ஒன்று செய்துகொண்ட உடன்பாட்டின் விளைவு. இவ்வகை உடன்பாடுகளில் முதலில் உறுப்புகள் பெட்டிகளில் வந்து இங்கே பூட்டப்படும். பிறகு ஆண்டுக்கு ஆண்டு ஒவ்வோர் உறுப்பாக உள்நாட்டிலேயே செய்யப்பட்டு, இறுதியில் முழுப் பொருளும் இங்கேயே உருவாகும். ரெட்டிச் ஆலை மூடப்பட்டு மறைந்த பின்னரும் திருவொற்றியூரில் புல்லட் உருவாகிக்கொண்டே இருந்தது என்பதால், எது மூலம் எது நகல் என்று கேட்பவருக்கு அந்த வண்டி எளிதில் விடை தராது. கடிகாரத் தொழிலும் இந்தியாவுக்குள் இதே வழியில்தான் நுழைந்தது.

சுதந்திரத்துக்கு முன் தேர்வு என்ற ஒன்றே இருந்ததாகச் சொல்ல முடியாது. 19-ஆம் நூற்றாண்டில் பம்பாயில் கால் பதித்த ஃபேவர் லூபாவும், ரயில்வேக்கும் படைக்கும் கடிகாரம் விற்ற வெஸ்ட் எண்ட் நிறுவனமும் சுவிஸ் பொருளையே கொண்டுவந்தன. சென்னை மவுண்ட் ரோட்டில் மணிக்கூண்டோடு நிற்கும் பி. ஆர் அண்ட் சன்ஸ் கடை அரசு அலுவலர்களுக்கும் ஜமீன்தார்களுக்கும் விற்றவை ஐரோப்பியக் கடிகாரங்களே.

அந்தச் சுவிஸ் கடிகாரங்களின் உள்ளமைப்பைப் புரிந்துகொள்ள ‘எபோஷ்’ என்ற ஏற்பாட்டை அறிந்திருக்க வேண்டும். முகப்புத் தகட்டில் ஒரு பெயரைப் போட்டு விற்கும் நிறுவனம் பெரும்பாலும் மெஷினைத் தானே செய்வதில்லை. தகடுகளும் பாலங்களும் பற்சக்கரங்களும் அடங்கிய முடிக்கப்படாத தொகுதியை வேறோர் ஆலையிடம் வாங்கி, அதைத் துலக்கி, எண்ணெய் இட்டு, ஓட்டத்தைச் சீர் செய்து, தன் உறையில் பூட்டி விற்கும். முடிக்கப்படாத இந்தத் தொகுதியே எபோஷ். 1926-இல் எபோஷ் ஆலைகள் ஒன்றிணைந்து ஒரு பெருங்கூட்டமைப்பாயின. இன்று உலகெங்கும் அறியப்பட்ட ஈட்டா அந்த மரபில் வந்த நிறுவனம். உறுப்புகளைப் பூட்டாமல் அயல்நாட்டுக்கு விற்றால் அங்குள்ளவர்கள் அவற்றைப் பூட்டிச் சுவிஸ் தொழிலையே வீழ்த்திவிடுவார்கள் என்ற அச்சம் அந்நாட்டில் வலுவாக இருந்ததால், 1934-இல் கொண்டுவரப்பட்ட கடிகாரத் தொழில் சட்டம் எபோஷ், உறுப்புகள், கருவிகள் ஆகியவற்றின் ஏற்றுமதியை அரசின் அனுமதிக்கு உட்படுத்தியது. 1960-களில்தான் அந்தக் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்தது. இந்திய அரசு கடிகார ஆலை ஒன்றை அமைக்கத் துணை தேடிய காலத்தில், உலகின் முதன்மையான கடிகார நாடு தன் தொழில்நுணுக்கம் எல்லை தாண்டுவதைத் தடுக்கும் சட்டத்தைக் கையில் வைத்திருந்தது என்பதை, அந்த ஆலை அமைந்த பெங்களூருக்கு ஏன் ஜப்பான் துணையாக வந்தது என்ற கேள்விக்கான விடையில் ஒரு பாதியாகவேனும் கொள்ளலாம்.

மறுபாதி ஜப்பானின் வளர்ச்சி. அந்நாட்டுக் கடிகார ஆலைகள் தொடக்கத்தில் சுவிஸ் மாதிரிகளையும் சுவிஸ் கருவிகளையும் பின்பற்றியே வளர்ந்தன. 1930-இல் நிறுவனமாக உருப்பெற்ற சிட்டிசன், 1956-இல் ‘பாரா ஷாக்’ என்ற அதிர்ச்சி தாங்கும் அமைப்பை அறிமுகப்படுத்தியது. கடிகாரத்தின் உயிர்நிலை பேலன்ஸ் சக்கரம். முடியளவு மெல்லிய சுருள்வில்லின் துணையால் முன்னும் பின்னும் ஊசலாடி, முதன்மை வில்லின் விசையைச் சிறு சிறு அளவாக வெளியே விடுவது அதுதான். அதன் அச்சு முனை தலைமயிர் போல மெல்லியது. கடிகாரம் கீழே விழுந்தால் முதலில் முறிவதும் அதுவே. அச்சு அமரும் கல்லை நுண்ணிய வில்லொன்றின் மேல் வைத்து, அடி படும்போது கல்லே சற்று விலகிக்கொடுக்குமாறு செய்வது அதிர்ச்சி தாங்கும் அமைப்பின் தத்துவம். சுவிஸ் நாட்டின் இன்காப்ளாக் 1930-களிலேயே இதைச் செய்திருந்தது. ஜப்பான் அதே தத்துவத்தைத் தன் வழியில் அடைந்தது.

இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம், சுருக்கமாக எச்.எம்.டி., 1961-இல் சிட்டிசனின் கூட்டுறவோடு பெங்களூரில் கைக்கடிகார ஆலையைத் தொடங்கியது. அங்கே உருவான முதல் கடிகாரங்களை வெளியிட்டவர் பிரதமர் நேரு. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கு மாப்பிள்ளைச் சீராகவும் பணி ஓய்வுப் பரிசாகவும் அமைந்த ஜனதா, பைலட் வகைகளின் உள்ளே இருந்த 0231 என்ற மெஷின் சிட்டிசன் வடிவமைப்பின் வழிவந்தது. நாளுக்கு ஒரு முறை சாவி கொடுக்க வேண்டிய அந்த மெஷினில் 17 கல் இருந்தன. கல் என்பது இங்கே செயற்கை மாணிக்கம். 1902-இல் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னாய் வெளியிட்ட முறையில் தூளை உருக்கி வளர்க்கப்படும் இந்தக் கல்லில் எஃகு அச்சு குறைந்த உராய்வோடு சுழல்வதால் தேய்மானம் குறைகிறது. சாவி கொடுக்கும் எளிய மெஷினில் உராயும் இடங்கள் அனைத்துக்கும் 17 கல் போதும். அதற்கு மேல் எண்ணிக்கை கூடுவதால் மட்டும் தரம் கூடுவதில்லை. ஜனதாவின் முகப்பில் ‘17 ஜுவல்ஸ்’ என்பதோடு ‘பாரா ஷாக்’ என்ற எழுத்துகளும் இருந்தன. அதைக் கையில் கட்டியவர்கள் நாட்டின் சொந்தக் கடிகாரம் என்று பெருமை கொண்டார்கள். அது ஆசிய மெஷின் என்று எவரும் தரம் தாழ்த்தவில்லை. தும்கூர், ஸ்ரீநகர், ராணிபாக் ஆகிய இடங்களுக்கும் பரவிய அந்த நிறுவனம் தன் வாழ்நாளில் 10 கோடிக்கும் அதிகமான கடிகாரங்களைச் செய்தது.

ஆயினும் சுவிஸ் மோகம் அடங்கவில்லை. அது சட்டத்துக்கு வெளியே சென்றது. இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்ட அந்தக் காலத்தில் கைக்கடிகாரம் தங்கத்துக்கு அடுத்த கடத்தல் பண்டமாயிற்று. 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தின் 123-ஆம் பிரிவே இதற்குச் சான்று: ஒரு பொருள் கடத்தி வரப்பட்டது என்று நம்பி அதிகாரிகள் கைப்பற்றினால், அது கடத்தல் பொருள் அன்று என்று மெய்ப்பிக்கும் சுமையை உடையவர் மீதே சுமத்தும் அந்தப் பிரிவு, தங்கத்தோடு கைக்கடிகாரத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1969-இல் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு அருகே உருவான பர்மா பஜார், அயல்நாட்டுப் பொருள்களின் சந்தையாக வளர்ந்தபோது, கடிகாரம் அங்கே நிலையான சரக்காயிற்று. ரசீது இல்லாத சந்தையில் முகப்புப் பெயரைச் சோதிக்க வழியில்லை. பின்மூடியைக் கழற்றி மெஷினைப் பார்த்துச் சொல்லும் பழுது நீக்குவோரின் வாக்கே அங்கு இறுதித் தீர்ப்பாக இருந்ததால், மெஷினை வைத்துக் கடிகாரத்தை மதிப்பிடும் வழக்கம் இத்தகைய சந்தைகளில்தான் வேர்கொண்டிருக்க வேண்டும்.

தமிழ்நாட்டு அரசு இந்தத் தொழிலுக்குள் வந்தபோது சுவிஸா ஆசியாவா என்ற கேள்வியே பழையதாகிவிட்டிருந்தது. 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் செய்கோ நிறுவனம் வெளியிட்ட ஆஸ்ட்ரான், வில்லுக்குப் பதிலாக மின்கலத்தையும் பேலன்ஸ் சக்கரத்துக்குப் பதிலாக அதிரும் குவார்ட்ஸ் படிகத்தையும் கொண்டிருந்தது. அடுத்த 15 ஆண்டுகளில் சுவிஸ் கடிகாரத் தொழிலாளர் எண்ணிக்கை ஏறத்தாழ 90,000-இலிருந்து மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. இந்தச் சரிவின் நடுவில், 1984-இல், தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் டாட்டா குழுமமும் சேர்ந்து டைட்டன் நிறுவனத்தை அமைத்தன. முதல் நிர்வாக இயக்குநரான செர்க்ஸஸ் தேசாய் குவார்ட்ஸையே முதன்மையாகக் கொண்டார். தொழில்நுணுக்கத்துக்குச் சுவிஸும் அல்லாமல் ஜப்பானும் அல்லாமல், பிரான்ஸின் ஃப்ரான்ஸ் எபோஷ் துணையாயிற்று. அதே காலத்தில் ஹைதராபாத் ஆல்வின் செய்கோவின் துணையை நாடியிருந்தது.

டைட்டன் ஆலை ஓசூரில் அமைந்தது, கும்மிடிப்பூண்டியில் அன்று. இரண்டுமே 1971-இல் தொடங்கப்பட்ட சிப்காட் என்ற மாநிலத் தொழில் ஊக்குவிப்பு நிறுவனத்தின் வளாகங்களைக் கொண்ட எல்லை ஊர்கள். ஒன்று கர்நாடகத்தின் வாசலில், மற்றொன்று ஆந்திரத்தின் வாசலில். ஆனால் ஓசூருக்கு அருகே பெங்களூர் இருந்தது. நுண்பொறிக் கல்வியும் எச்.எம்.டி.யில் பழகிய கைகளும் ஒரு மணி நேரப் பயணத்தில் கிடைத்தன. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள அந்த ஊரின் காற்று உலர்ந்தது, குளிர்ந்தது. கும்மிடிப்பூண்டிக்கோ கொல்கத்தா நெடுஞ்சாலையும் கூடூர் ரயில் பாதையும் துறைமுகங்களின் அண்மையும் வாய்த்தன. அவற்றின் பயனாக அங்கே இரும்பை உருக்கும் உலைகளும் கம்பி உருட்டும் ஆலைகளும் வேதிப்பொருள் ஆலைகளும் பெருகி, அவற்றில் உழைக்கப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தொழிலாளர்கள் வந்து சேர்ந்தனர். டன் கணக்கில் எடை பார்க்கும் தொழிலுக்குப் பொருந்திய அந்த நிலத்தின் உப்புக் காற்றும் உலைத் தூசியும், தூசியின் ஒரு துகள் விழுந்தாலும் ஓட்டம் நின்றுபோகும் தொழிலுக்குப் பொருந்தியிருக்கும் என்று கொள்வது கடினம். கடிகாரம் இந்த வட்டாரத்தில் உருவாகவில்லை. வேறு வழியில் வந்தது.

அந்த வழியைக் காணச் சீனாவை நோக்க வேண்டும். தியான்ஜின் நகரத்தில் 1955-இல் சுவிஸ் கடிகாரம் ஒன்றைப் பிரித்துப் பார்த்து முதல் சீனக் கைக்கடிகாரத்தைச் செய்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் அதே நகரத்து ஆலை, வீனஸ் என்ற சுவிஸ் நிறுவனத்தின் 175 என்ற குரோனோகிராஃப் (நேர இடைவெளியை அளக்கும்) மெஷினைச் செய்யும் கருவிகளை விலைக்கு வாங்கித் சீன விமானப் படைக்குக் கடிகாரம் செய்தது. 1970-களில் நாடு முழுவதும் உள்ள ஆலைகளுக்கு ஒரே பொது வடிவமைப்பை அரசு வகுத்துக் கொடுத்தது. ‘தோங்ஜி’ என்று அழைக்கப்பட்ட அந்த மெஷினை எந்த ஆலையும் உரிமக் கட்டணமின்றிச் செய்யலாம். நாடெங்கும் ஆலைகள் ஒரே மெஷினைப் பெருமளவில் செய்து பழகிய இந்த அடித்தளத்தின் மேல்தான், பிற்காலத்தில் ஈட்டாவின் 2824 போன்ற சுவிஸ் மெஷின்களின் சீனப் படிகள் எழுந்தன.

‘ஈட்டாவின் படி’ என்றதும் திருட்டு என்று முடிவுசெய்வது அவசரம். கண்டுபிடிப்பு உரிமை குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பின் காலாவதியாகிறது; அதன் பிறகு அந்த வடிவமைப்பை எவரும் செய்யலாம். ஈட்டா தன் குழுமத்துக்கு வெளியே எபோஷ் விற்பதைக் குறைக்கப்போவதாக 2002-இல் அறிவித்தபோது, அதுவரை ஈட்டாவின் உறுப்புகளைப் பூட்டிக் கொடுத்துவந்த செலிட்டா என்ற சுவிஸ் நிறுவனமே 2824-ஐ அடியொற்றி எஸ்.டபிள்யூ. 200 என்ற மெஷினைச் செய்யத் தொடங்கியது. ஒரே வடிவமைப்பின் படி சுவிஸிலும் பிறக்கிறது, சீனாவிலும் பிறக்கிறது. சுவிஸ் படி மதிப்போடு விற்கிறது, சீனப் படி ‘ஏஷியன்’ என்ற அடைமொழியோடு விற்கிறது.

தொழில்நுட்ப வேறுபாடு இல்லை என்று இதற்குப் பொருளன்று. 2824 மணிக்கு 28,800 அரையூசல்கள் துடிக்கிறது. நொடி முள் ஒரு நொடியில் 8 அடி எடுத்து வைப்பதால் அது வழுக்கிச் செல்வதுபோலத் தெரியும். சிட்டிசன் குழுமத்தின் மியோட்டா 8215-உம் செய்கோவின் என்.எச். 35-உம் 21,600 முறை துடிப்பதால் 6 அடிகள். ஜனதாவின் மெஷின் 18,000, ஆகவே 5. விலையுயர்ந்த சுவிஸ் கடிகாரத்தைப் போலி செய்பவர் மியோட்டாவைப் பூட்டினால் நொடி முள்ளின் நடையே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், போலிச் சந்தையில் 28,800 என்ற எண்ணுக்குத் தனி விலை உண்டு. ஆனால் துடிப்பின் வேகம் வேறு, உழைக்கும் ஆயுள் வேறு. 8215-க்கு நாளொன்றுக்கு 20 நொடி பிந்துவது முதல் 40 நொடி முந்துவது வரை அதன் ஆலையே இடம் கொடுக்கிறது. மெதுவாகத் துடிக்கும் அந்த மெஷின் நெடுநாள் ஓடுவதற்குப் பெயர் பெற்றது. ஈட்டாவோ ஒரே 2824-ஐ நான்கு தரங்களாகப் பிரித்து விற்றுள்ளது; பேலன்ஸ் சக்கரத்தின் உலோகமும், எத்தனை நிலைகளில் வைத்து ஓட்டம் சரிசெய்யப்பட்டது என்பதும் தரத்துக்குத் தரம் மாறும். ‘சுவிஸ் மெஷின்’ என்ற சொல்லுக்குள் நான்கு வெவ்வேறு பொருள்கள் அடங்கியிருக்கின்றன.

போலிக் கடிகாரத்தில் அந்தச் சொல் இன்னும் வெறுமையானது. ரோலெக்ஸ் தன் கடிகாரங்களில் தன் சொந்த மெஷின்களையே பூட்டுகிறது. ஆகவே போலி ரோலெக்ஸில் உண்மையான ஈட்டா இருந்தாலும் அது மூலத்துக்கு ஓர் அணுவும் நெருங்குவதில்லை. அந்த ஈட்டாவும் பெரும்பாலும் ஈட்டாவின் முத்திரை பொறித்த சீனப் படியாகவே இருக்கும். இத்தகைய படிகளில் உறுப்புகளின் அளவு ஆலைக்கு ஆலை சிறிது வேறுபடுவதால், பழுது நீக்குவோர் சுவிஸ் உறுப்பை அப்படியே மாற்றிப் பொருத்த முடியாது. முழு மெஷினையே மாற்றுவதே மலிவாக முடியும். மறைக்காமல் மியோட்டா என்றோ செய்கோ என்றோ சொல்லி விற்கப்படும் மெஷினுக்கு உறுப்பு எளிதில் கிடைக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டுமென்றால் பெயரை விட இதுவே வலுவான காரணம்.

சட்டம் இந்த மெஷின் வாதத்தைப் பொருட்படுத்துவதே இல்லை. 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டம் பிறர் குறியைப் போலியாகப் பொறிப்பதற்கும், அவ்வாறு பொறித்த பொருளை விற்பதற்கும் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. குற்றம் முகப்புத் தகட்டில் இருக்கிறது, உள்ளே ஓடும் மெஷினில் இல்லை. 2007-இல் வந்த அறிவுசார் சொத்துரிமை இறக்குமதி விதிகள், உரிமையாளர் தன் குறியைச் சுங்கத் துறையிடம் பதிவுசெய்தால் சந்தேகத்துக்குரிய சரக்கைத் துறைமுகத்திலேயே நிறுத்திவைக்க வழி செய்தன. அந்த விதிகள் சென்னைத் துறைமுகத்தைப் போலவே திருவள்ளூர்க் கடற்கரைக்கும் உரியவை: 2001-இல் அனல் மின் நிலக்கரிக்காகத் திறந்த எண்ணூர் காமராஜர் துறைமுகமும், 2013-இல் சரக்குப் பெட்டகங்களைக் கையாளத் தொடங்கிய காட்டுப்பள்ளித் துறைமுகமும் கிழக்காசியப் பொருள்கள் இறங்கும் வாசல்கள்.

இந்தக் கடற்கரையில் நகல் வணிகம் ஒரு காலத்தில் எதிர்த் திசையில் ஓடியது என்பதை இங்கே சொல்லாமல் விடுவது முறையன்று. காட்டுப்பள்ளிக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டில் 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி வாங்கிச் சென்ற கட்டம் போட்ட கைக்குட்டைத் துணி உலகச் சந்தையில் பெயர் பெற்றபோது, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ வட்டார நெசவாளர்கள் அதே துணியைத் தங்கள் தறியில் நெய்து, பழவேற்காட்டின் பெயரிலேயே விற்றார்கள். தடுக்க வணிகக் குறிச் சட்டம் எதுவும் அன்று இல்லை.

சுவிஸ் பெயரின் மேல் இருந்த மோகத்துக்குத் தமிழ்நாட்டு மூலதனமே ஒரு விசித்திரமான விடையைத் தந்தது. 2011-இல் டைட்டன், 1737-இல் தன் தொடக்கத்தைக் காணும் ஃபேவர் லூபாவை விலைக்கு வாங்கியது; டைட்டனின் பங்குகளில் நான்கில் ஒன்றுக்கு மேல் டிட்கோவின் கையில் இருப்பதால், சில ஆண்டுகள் பழம்பெரும் சுவிஸ் பெயர் ஒன்றில் தமிழ்நாட்டு அரசுக்கும் பங்கு இருந்தது. 2023-இல் அந்தப் பெயர் மற்றோர் இந்திய நிறுவனத்துக்குக் கைமாறியது.

எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூட மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் அளித்த பிறகு ஜனதாவும் பைலட்டும் சேகரிப்போர் தேடும் பொருளாகி, அவற்றுக்கும் போலிகள் வந்தன. பழைய எச்.எம்.டி. மெஷினைத் துடைத்து எண்ணெய் இட்டு, ஆலை ஒருபோதும் வெளியிடாத நிறங்களில் முகப்பை அச்சிட்டு, புதிய உறையில் பூட்டி விற்பது பரவலான தொழிலாயிற்று. ஃபர்ஸ்ட் காப்பியில் வாங்குபவர் மெஷினைச் சந்தேகிக்கிறார். இங்கே மெஷின் பெங்களூரிலோ தும்கூரிலோ பிறந்த அசல், பொய் முழுவதும் முகப்பில் இருக்கிறது. ஆகவே இவற்றைச் சோதிப்போர் பின்மூடியைத் திறப்பதற்கு முன், எழுத்தின் தடிமனையும் ‘பாரா ஷாக்’ என்ற வரி அமைந்த இடத்தையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கிறார்கள்.